பேசியவர் பட்டியல்

பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் அதே ஊரில் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாத பிள்ளைகளுக்குத் தொடங்கினார். சத்தத்தைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு இந்த இரண்டு பள்ளிகளும்தான் நினைவுக்கு வரும்.

பார்வையில்லாத பிள்ளை, வராந்தாவில் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்தே வருவது யாரென்று சொல்லிவிடும். ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் ஓடினால் அதற்கு அறையே இருண்டுவிடும். காது கேளாத பிள்ளைக்கு இரைச்சலால் என்ன என்று கேட்கலாம். காதுக்கருவி டீச்சரின் குரலை மட்டுமா பெரிதாக்குகிறது? பெஞ்சு இழுபடுவதையும் மின்விசிறியின் கடகடப்பையும் சேர்த்தல்லவா காதில் கொட்டுகிறது!

மற்ற பள்ளிகளில் அமைதி என்றால் கரும்பலகை ஓரத்தில் லீடர் எழுதும் 'பேசியவர்கள்' பட்டியல்தான். பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. மறுபடி பேசினால் இன்னொன்று. ரோட்டில் அலறிக்கொண்டு போகும் ஏர்ஹாரனின் பெயரை எந்த லீடரும் எழுதுவதில்லை. பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக்க 2000-ஆம் ஆண்டின் விதிகளில் இடமிருக்கிறது. பகலில் 50 டெசிபலுக்கு மேல் கூடாது. விதி இருக்கிறது, ஹாரனும் இருக்கிறது.

நியூயார்க்கில் ரயில் பாலத்தை ஒட்டிய ஒரு பள்ளி. தண்டவாளப் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்ததை ஆர்லின் பிரான்சாஃப்ட் 1975-இல் காட்டினார். தண்டவாளத்தில் ரப்பர் வைத்து, வகுப்புக் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகை பதித்த பிறகு அந்த வித்தியாசம் மறைந்தது. அதற்காக எந்தப் பிள்ளையும் கைகட்டி வாய்பொத்தவில்லை.

நாமோ அமைதியைப் பிள்ளைகளிடமிருந்து கறாராக வசூலிக்கிறோம். அவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டிய கடன் அது என்பது மட்டும் தோன்றுவதே இல்லை. பலருக்கு வீட்டிலும் அமைதி இல்லை: ஒற்றை அறை, ஓயாத டிவி. பரீட்சை நேரத்தில் பையனாவது ஆற்றோரக் குறுக்குத்துறை மண்டபத்துத் தூணில் சாய்ந்து படித்துக்கொள்வான். அவன் அக்கா எங்கே போவாள்? ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்தால் ஊர் சும்மா விடுமா? அவளுக்குப் பள்ளியை விட்டால் வேறு இடமில்லை.

பெரிய செலவெல்லாம் வேண்டாம். மதிய இடைவேளையில் நூலகப் பூட்டைத் திறந்து வைக்கலாம். புத்தகம் எதையும் எடுக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம், "ஏளா, இங்க என்ன செய்யுத?" என்று கேட்காமல் இருக்க வேண்டும். முதல் ஒரு வாரம் டீச்சருக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.