எழுபத்திரண்டில் ஒரு பங்கு

ஜப்பானின் ஜீரோ போர்விமானத்துக்கு அடித்திருந்த சாம்பல் நிறம் சரியாக எது? மாடல் விமானம் செய்பவர்கள் இதைப் பல பத்தாண்டுகளாக விவாதித்துவருகிறார்கள். 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய ஜீரோக்கள் வெளிர்சாம்பலா, பச்சை கலந்த சாம்பலா, தேன்பழுப்பு ஏறிய சாம்பலா என்று தீர்மானிக்க, விழுந்த விமானங்களிலிருந்து எடுத்துவைத்த தகட்டுத் துண்டுகளை ஆராய்ந்தவர்கள் உண்டு. மிட்சுபிஷி தொழிற்சாலையில் உருவான ஜீரோவின் காக்பிட்டுக்குள் அடித்த பச்சை ஒன்று. அதே விமானத்தை நகாஜிமா தொழிற்சாலை செய்தபோது அடித்த பச்சை இன்னொன்று. அந்த வேறுபாடு தெரிந்து பெயின்ட் கலக்குகிறவருக்கு இந்த வட்டாரத்தில் தனி மரியாதை.

இத்தனைக்கும் கையில் இருப்பது சின்னஞ்சிறு பொருள். ஜீரோவின் இறக்கை நிஜத்தில் 12 மீட்டர். 1/72 அளவுக்குக் குறுக்கினால் 17 சென்டிமீட்டர்கூட வராது. பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகங்களை வெட்டியெடுத்து, பசையிட்டு, ஒட்டிய கோடு தெரியாமல் உப்புத்தாளால் தேய்த்து, தேய்த்ததில் அழிந்துபோன ரிவெட் புள்ளிகளை ஊசிமுனையால் மறுபடி குத்துகிறார்கள். விமானியின் இருக்கைப் பட்டைக்கு, தலைமுடி கனத்தில் அரித்தெடுத்த பித்தளைக் கொக்கி தனியாக விற்கிறது. தென்பசிபிக் தீவுகளில் நின்ற ஜீரோக்களில், பழைய சாம்பலின் மேல் அவசரமாக அடித்த பச்சை பெயின்ட் வெயிலிலும் உப்புக்காற்றிலும் செதில் செதிலாக உரிந்தது. அந்த உரிசலைக் காட்ட, அடிநிறத்தின் மேல் ஹேர்ஸ்பிரே அடித்து, அதன்மேல் பச்சையை ஏர்பிரஷால் தூவி, ஈரமான தூரிகையால் அங்கங்கே சுரண்டுகிறார்கள். செய்துமுடிக்க மாதங்கள் ஆகும்.

இவ்வளவு பிரியமும் எதன்மேல் செலவாகிறது? இரண்டு 20 மில்லிமீட்டர் பீரங்கிகளும் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளும் ஏந்திய ஒரு கொலைக்கருவியின்மேல். கொல்வதற்கென்றே வடிவமைத்த ஒன்றின் அழகை நேசிக்கலாமா? அதன் உருவத்தைப் பொறுமையாகத் தன் கையாலேயே செய்து அலமாரியில் வைத்துப் பார்த்து மகிழும் மனம் எப்படிப்பட்ட மனம்? அறநூல்களும் சமயங்களும் ஆயுதத்தைப் பற்றி நிறையவே பேசியிருக்கின்றன. ஆயுதத்தின் உருவத்தைப் பற்றி அவ்வளவு பேசவில்லை.

இரண்டு சுலபமான பதில்கள் உண்டு. வெறும் பிளாஸ்டிக்தானே, இதில் என்ன பாவம் என்பது ஒன்று. இதெல்லாம் போர்வெறி என்பது மற்றொன்று. இரண்டும் பொருந்தவில்லை. போரை அடியோடு வெறுத்தவர்கள் போர்விமான மாடல் செய்திருக்கிறார்கள். மாடல்களும் எப்போதும் வெறும் பொம்மைகளாக இருந்ததில்லை.

பின்னதற்கு வரலாறே சாட்சி. 1930களில் பிரிட்டனில் மரத்தாலும் பிறகு பிளாஸ்டிக்காலும் விற்பனைக்கு வந்த சிறு மாடல்கள் வழியாக 1/72 அளவு பரவியது. உலகப் போர் வந்தபோது அந்த அளவு ராணுவத்துக்குப் பயன்பட்டது. 1942இல் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மாடல்களைச் செய்து தரச் சொன்னது. நட்பு விமானம் எது, எதிரி விமானம் எது என்று கண்ட நொடியில் சொல்லத் துப்பாக்கி வீரர்களைப் பழக்குவதற்காக. கணக்கு எளிது: அரை மைல் தொலைவில் பறக்கும் விமானம் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, சுமார் 36 அடி தொலைவில் பிடித்த 1/72 மாடலும் அவ்வளவு பெரிதாகத் தெரியும். வகுப்பறையில் பிள்ளைகள் சீவிய மரத்துண்டுகள், யாரைச் சுட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தன.

பௌத்தம் இந்த இடத்தில் பேசுகிறது. அங்குத்தர நிகாயத்தில் புத்தர், இல்லறத்தார் செய்யக் கூடாத ஐந்து வணிகங்களைச் சொல்கிறார்: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. அந்தப் பள்ளிக்கூட மாடல் முதல் வணிகத்தின் வாசல்வரை வந்துவிட்டது. இன்று ஒருவர் வீட்டு மேசையில் செய்யும் மாடலோ யாரையும் சுடக் கற்றுத்தருவதில்லை. பொருள் ஒன்றே, அளவும் ஒன்றே, எண்ணம்தான் வேறு. வினை என்பது எண்ணமே என்பது பௌத்தத்தின் அடிப்படைப் போதனை. அப்படியானால் நல்லெண்ணத்தோடு செய்கிறவர் குற்றமற்றவர் என்று வழக்கை முடித்துவிடலாம்.

முடிக்க விடாமல் தடுப்பவர் ஜிரோ ஹொரிகோஷி. ஜீரோவை வடிவமைத்த பொறியாளர். எடையை ஒவ்வொரு கிராமாகக் குறைத்து, விமானிக்குக் கவசத்தகடுகூட வைக்காமல், வானில் மிக லாகவமாகத் திரும்பும் ஒரு விமானத்தைப் படைத்தார். அதன் முதல் மாதிரியை நகோயா தொழிற்சாலையிலிருந்து 48 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ககாமிகஹாரா விமானதளத்துக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோனார்கள். சாலை அவ்வளவு மோசம். 1939 ஏப்ரல் 1 அன்று அது பறந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் சீனாவின் சோங்சிங் வானில் முதல் சண்டையைப் போட்டது. அந்த நகரத்தின்மேல் குண்டு வீசப்போன விமானங்களுக்கு அது காவல். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜீரோக்கள் உருவாகின. கடைசியில் பல ஜீரோக்கள் இளைஞர்களைச் சுமந்துகொண்டு கப்பல்களில் மோதி அழிந்தன. அழகான விமானம் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் தீங்கு எங்கே இருக்கிறது? தேடினால் கிடைக்காது. ஆனால் விளைவு முழுக்கத் தீங்கு.

ஹொரிகோஷியின் கதையை ஹயாவோ மியாசாகி 2013இல் திரைப்படமாக்கினார். அதற்கு முன், 2009-10இல், அதைச் சித்திரத் தொடராக வரைந்தார். எங்கே தெரியுமா? ‘மாடல் கிராஃபிக்ஸ்’ என்ற மாடல் செய்பவர்களின் மாத இதழில். மியாசாகியின் குடும்பத் தொழிற்சாலை ஜீரோவுக்கு வால்சுக்கான் செய்து கொடுத்தது. போரை வெளிப்படையாக எதிர்ப்பவர் அவர். போர்விமானங்களை உயிராக நேசிப்பவரும் அவரே. இந்த முரணை அவர் மறைத்ததில்லை, தீர்த்துக்கொண்டதாகவும் காட்டிக்கொண்டதில்லை. நேர்மையான கலைஞர் நிற்க வேண்டிய இடம் அது. மற்றவர்கள் அங்கேயே நின்றுவிட வேண்டியதில்லை.

ஏனென்றால் இன்னொரு ஜப்பானியர் ஒரு படி மேலே போயிருக்கிறார். ஜப்பானின் பிளாஸ்டிக் மாடல் தொழிலுக்குத் தலைநகரம் ஷிசுவோகா. 1946இல் மர வியாபார நிறுவனமாகத் தொடங்கிய டாமியா, உலகெங்கும் மாடல்காரர்கள் மதிக்கும் பெயராக வளர்ந்தது அங்கேதான். அந்த நகரத்தை 1945 ஜூன் 19 நள்ளிரவு தாண்டி அமெரிக்காவின் பி-29 விமானங்கள் எரித்தன. சுமார் 2,000 பேர் இறந்தார்கள். தாக்குதலின்போது இரண்டு பி-29கள் வானில் ஒன்றோடொன்று மோதி விழுந்தன. 23 விமானப்படையினர் மாண்டார்கள். ஊரை எரித்தவர்களின் உடல்களை, ஊர் புகைந்துகொண்டிருக்கும்போதே, இட்டோ ஃபுகுமாட்சு என்ற விவசாயி தன் ஊர்க்காரர்களோடு சேர்த்து அடக்கம் செய்தார். பின்னாளில் ஷிசுஹாட்டா மலைமேல் இறந்த ஊராருக்கு ஒரு நினைவுச்சின்னம், அந்த விமானப்படையினருக்கு ஒன்று என்று எழுப்பினார். இடிபாட்டில் கிடைத்த, கருகிப்போன ராணுவத் தண்ணீர்க்குடுவை ஒன்றிலிருந்து விமானப்படையினரின் நினைவுக்கல்லின்மேல் அமெரிக்க விஸ்கி ஊற்றி அஞ்சலி செய்யும் சடங்கு இன்றும் ஆண்டுதோறும் ஜூனில் நடக்கிறது.

விமானத்தையும் அதற்குக் கீழே இருந்தவர்களையும் ஒரே பார்வையில் வைத்துக்கொண்டார் இட்டோ. எண்ணம் தூய்மையாக இருந்தால் போதாது. பார்வை எதுவரை போகிறது என்பதில்தான் அறம் இருக்கிறது. மாடல் செய்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: உங்கள் பார்வை எங்கே நிற்கிறது?

தமிழில் இந்தக் கேள்விக்கு வயது ஈராயிரத்தை நெருங்கும். புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார், தொண்டைமானின் ஆயுதச்சாலையைப் பார்க்கிறார். மயிற்பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசி மின்னுகின்றன அவன் படைக்கலங்கள். தன் அரசன் அதியமானுடையவையோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வதுபோல் தொண்டைமானை இடித்துரைக்கும் பாட்டு என்பது தெரிந்ததே. கூடவே, மின்னும் ஆயுதம் தன் வேலையைப் பற்றி எதுவும் சொல்லாது, முறிந்த நுனிதான் சொல்லும் என்பதும் அதில் இருக்கிறது. உரிந்த பச்சையையும், துப்பாக்கி வாயருகே படிந்த கரியையும், எண்ணெய்க் கசிவையும் மாதக்கணக்கில் தீட்டும் இன்றைய மாடல்காரர், தெரிந்தோ தெரியாமலோ அந்தப் பட்டறையின் பக்கம் நிற்கிறார்.

அந்தத் துல்லியம் ஒருவரை உண்மையிடம் கொண்டுபோய்விடும் என்பதற்கு ஓகா சான்று. 1945இல் ஜப்பானியக் கடற்படை பயன்படுத்திய ராக்கெட் விமானம் அது. நீளம் 6 மீட்டர், மூக்கில் 1,200 கிலோ வெடிமருந்து, உள்ளே ஒரு மனிதன். மார்ச் 21 அன்று முதன்முதலாக அதைச் சுமந்துபோன அணியின் 18 குண்டுவீச்சு விமானங்களும் இலக்கை அடையும் முன்பே சுட்டு வீழ்த்தப்பட்டன. 1/72 அளவில் 8 சென்டிமீட்டர் வரும் அந்த மாடலைச் செய்கிறவர், இருக்கையை ஒட்டுவார், கருவிப்பலகையின் ஒருசில முகப்புகளைத் தீட்டுவார், பிறகு சக்கரங்களைத் தேடுவார். தாக்குதலுக்குப் போன ஓகாவுக்குச் சக்கரம் கிடையாது. தரையிறங்கும் உத்தேசமே இல்லாத விமானத்தில் ஒரு பையனை உட்கார வைத்தார்கள் என்பது புத்தகத்தில் ஒரு வரி. இருக்கையைப் பொருத்திய கைக்கு அது வேறு விதமாகத் தெரியவரும். மாடல் கலையின் தரப்பில் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம் இதுவே.

எனவே மறைப்பதில் பெரிய பயன் இல்லை. ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைக் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு தடைசெய்கிறது. அதனால் அங்கே விற்கும் மெஸ்ஸர்ஷ்மிட் போர்விமானக் கிட்டுகளில் வாலில் ஒட்டும் ஸ்வஸ்திகா டீகல் இருக்காது; இல்லாவிட்டால் இரண்டு துண்டாக வெட்டித் தந்திருப்பார்கள். அந்தச் சட்டத்துக்கு அந்த மண்ணில் நியாயம் உண்டு. அந்தச் சின்னத்தைத் தேடி அலைபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் வாலில் சின்னம் இல்லாத மெஸ்ஸர்ஷ்மிட் கண்ணியமான விமானம்போல அலமாரியில் நிற்கிறது. அது யாருக்காகப் பறந்தது என்பது துடைக்கப்பட்டுவிட்டது.

எல்லாவற்றிலும் கடினமான மாடல் எனோலா கே. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாமேல் அணுகுண்டு போட்ட பி-29. அதன் கிட்டுகள் கடையில் கிடைக்கின்றன. 43 மீட்டர் இறக்கை 1/72இல் 60 சென்டிமீட்டர். பெரிய அலமாரி வேண்டும். அளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பவர்கள் முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். குண்டு வெடித்தது தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில். 1/72இல் 8 மீட்டருக்குச் சற்று மேல். விமானம் பறந்தது 9,400 மீட்டர் உயரத்தில். மாடலை 130 மீட்டர் உயரத்தில் தொங்கவிட வேண்டும். அழிந்த ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர் நகரத்தை அதே அளவில் செய்தால் பத்து கிரவுண்டு மனை வேண்டும். அதில் நிற்கும் மனிதர் ஒவ்வொருவரும் இரண்டேகால் சென்டிமீட்டர் உயரம் இருப்பார். அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் மட்டும் சுமார் 1,40,000 பேர்.

அலமாரியில் கொள்ளவில்லை என்றால் அருங்காட்சியகத்தில் கொள்ளலாமே? கொள்ளவில்லை. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன், ஐம்பதாம் ஆண்டு நினைவாக எனோலா கேயுடன், கருகிய டிபன் பெட்டி போன்ற ஹிரோஷிமா, நாகசாகிப் பொருள்களையும் சேர்த்துக் காட்டத் திட்டமிட்டது. முன்னாள் படைவீரர் அமைப்புகளும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் எதிர்த்தார்கள். 1995 ஜனவரியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது; மே மாதம் அருங்காட்சியக இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் பதவி விலகினார். 2003 முதல் முழு விமானமும், பளபளவென்று துடைத்து, வர்ஜீனியாவில் நிற்கிறது. விளக்கப் பலகையில் அதன் நீள அகலம் உண்டு, இறந்தவர்கள் எண்ணிக்கை இல்லை என்று வரலாற்றாசிரியர்களும் ஹிரோஷிமாவில் உயிர்தப்பியவர்களும் அப்போது எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தொண்டைமானின் ஆயுதச்சாலையும் இப்படித்தான் இருந்திருக்கும்.

அருங்காட்சியகத்துக்கு அரசியல் உண்டு, நிதி நெருக்கடி உண்டு. மேசையில் தனியாக உட்கார்ந்து மாடல் செய்பவருக்கு அந்தத் தடை எதுவும் இல்லை. அவர் விமானத்தை நிறுத்தும் பீடத்தில் ஒரு பெயர்ப்பலகை ஒட்டுகிறார்: விமானத்தின் வகை, படைப்பிரிவு, விமானியின் பெயர், ஆண்டு. அதே பலகையில் இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறது. அந்த விமானம் எந்த ஊரின்மேல் பறந்தது, அன்று அங்கே எத்தனை பேர் இறந்தார்கள் என்று தேடி அறிந்து எழுத வேண்டும். சாம்பல் நிறத்துக்காகத் தகட்டுத் துண்டுகளை ஆராய்பவர்களுக்கு இந்தத் தேடல் கடினமானதே அல்ல. ஒரு சாண் நீளமுள்ள டிபன் பெட்டி 1/72இல் சுமார் மூன்று மில்லிமீட்டர் வரும். அதைவிடச் சிறிய கொக்கிகளை நாள்தோறும் ஒட்டும் கைகள் அதையும் செய்து, விமானத்தின் பக்கத்திலேயே வைக்கட்டும்.