ஆளுக்கொரு உண்மையா?



வாக்குவாதம் முற்றும்போது, "உமக்கு அது உண்மை, எனக்கு இது உண்மை" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவோர் உண்டு. கேட்பதற்கு இது பெருந்தன்மைபோலத் தோன்றும். ஆனால் இது மிகப் பழைய வாதம். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புரோத்தகோராஸ் என்னும் கிரேக்கர், அவரவர்க்குத் தோன்றுவதே அவரவர்க்கு உண்மை என்று போதித்தார். பிளேட்டோ அவரை மடக்கினார்: இந்தப் போதனை பொய் என்று பலருக்குத் தோன்றுகிறதே, அதுவும் உண்மைதானோ?

சில காரியங்கள் ஆளுக்கும் இடத்துக்கும் தக்கபடி மாறுவது மெய்யே. ஒருவருக்குக் காரமான குழம்பு மற்றவருக்குச் சப்பென்றிருக்கும். நமக்குப் பொழுது விடியும்போது உரோமையில் இன்னும் இருட்டு. எல்லாம் இப்படித்தானா?

வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. 1846இல், மருத்துவச்சிகள் பயின்ற விடுதியில் 100 தாய்மாருக்கு 3 பேருக்கும் குறைவாகவே இறந்தனர். வைத்திய மாணவர் பயின்ற விடுதியிலோ 11 பேர் இறந்தனர். அங்கே தங்களைச் சேர்க்க வேண்டாமென்று ஏழைப் பெண்கள் முழந்தாளிட்டுக் கெஞ்சினார்கள். அங்கிருந்த இக்னாஸ் செம்மல்வெய்ஸ் என்னும் வைத்தியர் காரணத்தைத் தேடினார். வைத்தியர்கள் பிணங்களை அறுத்துப் பார்த்துவிட்டு, அதே கைகளோடு பிரசவம் பார்க்க வந்ததைக் கண்டார். நாம் கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடர் போன்ற மருந்து கலந்த நீரில் கை கழுவியே தாய்மாரைத் தொட வேண்டும் என்று 1847இல் விதித்தார். 1848இல் அவ்விடுதியிலும் 100க்கு ஏறத்தாழ ஒருவரே இறந்தார்.

ஆயினும் பெரிய வைத்தியர்கள் பலர் அவரை நம்பவில்லை. அவர்களுடைய நம்பிக்கையின்மையால் கைகளிலிருந்த நஞ்சு மறைந்துபோயிற்றா? இல்லை, கழுவாத கைகளால் தாய்மார் மாண்டுகொண்டே இருந்தார்கள். உண்மை பெரியோரின் அபிப்பிராயந்தான் என்றால், அந்த ஏழைப் பெண்களின் முறையீட்டுக்கு இடமே இல்லாமற் போயிருக்கும்!

இன்னொன்றையும் கவனியுங்கள். பிணத்தின் அழுகலே காரணமென்று செம்மல்வெய்ஸ் எண்ணினார். அந்நோய்க்குரிய கிருமியை லூயி பாஸ்டர் 1879இல்தான் எடுத்துக்காட்டினார். செம்மல்வெய்ஸ் கண்டது மெய், முழுவதும் கண்டாரில்லை. உண்மை மாறவில்லை, நமது அறிவே வளர்ந்தது. ஆகவே, "உண்மை என்று ஒன்று உண்டு" என்பது வேறு. "அது முழுவதும் என் கைக்குள் இருக்கிறது" என்பது வேறு. முன்னதை மறுப்பது சோம்பல், பின்னதைச் சொல்வது செருக்கு.

நம் வீடுகளில் ஒரு நகை காணாமற்போனால் என்ன நடக்கிறது? நாலுபேர் சேர்ந்து சொல்லிவிட்டதால் வேலைக்காரச் சிறுமி திருடியாகிவிடுவாளா? வலியவனுக்குக் குரல் உண்டு, ஆள் உண்டு, பணமுண்டு. எளியவருக்கு இருக்கும் ஒரே துணை, நடந்தது நடந்ததுதான் என்னும் உறுதி. அந்தத் துணையையும் அவர்களிடமிருந்து பறிக்கலாமா? யார் சொன்னார் என்று பார்ப்பதற்குமுன் நடந்தது என்னவென்று விசாரியுங்கள். விசாரித்தபின் நம் எண்ணமே பிசகென்று தெரிந்தால், அதை மாற்றிக்கொள்ளவும் தயங்காதிருங்கள்.