வால்வு இடைவெளி

மருதானையில் பழைய புத்தகக் கடை. சட்டப் புத்தகங்களுக்கு அடியில் மொறிஸ் மைனர் கையேடு. முதுகு ஒட்டு விட்டிருக்கிறது. முகர்ந்தால் பெற்றோல் இல்லை. பூச்சி மருந்து.

*

கிழிந்துபோன பக்கங்கள் போனில் கிடைக்கின்றன. யாரோ ஸ்கேன் செய்தவை.

பிரேக் பக்கத்தின் ஓரத்தில் கிரீஸில் ஒரு பெருவிரல் ரேகை.

திரையைத் துடைக்கிறேன். போகவில்லை.

*

1948இல் கார் வெளிவருமுன் மாதிரியை நடுவே பிளந்து 4 அங்குலம் அகலமாக்கினாராம் அதை வடிவமைத்த இசிகோனிஸ்.

பொனற்றின் நடுவில் அந்த அகலம் மேடாக ஓடுகிறது. உள்ளங்கைக்குத் தெரிகிறது.

*

வால்வு இடைவெளி 0.012 அங்குலம்.

எட்டாவது வால்வு திறந்து நிற்கையில் ஒன்றாவதை அளக்க வேண்டும். ஆறு திறந்தால் மூன்று. நான்கு திறந்தால் ஐந்து. கூட்டினால் எப்போதும் ஒன்பது.

ஃபீலர் தகடு உள்ளே போகிறது. இழுக்கையில் லேசாகப் பிடிக்கிறது. எவ்வளவு லேசாக என்று எழுதியில்லை.

கொஞ்ச நேரம் தகட்டை இழுத்துக்கொண்டே இருக்கிறேன்.

*

18ஜி என்று தொடங்கும் எண்கள். கொம்பனிப் பட்டறைகளுக்கென்றே செய்த கருவிகள்.

இங்கே தச்சு வேலைக் கிளாம்ப் ஒன்று இருக்கிறது.

நட்டு அரை அங்குலம். 12 ஸ்பானர் ஏறாது. 13 ஆடுகிறது.

*

முதல் ஹெய்ன்ஸ் கையேடு 1966இல், ஒஸ்ரின்-ஹீலி ஸ்ப்ரைற்றுக்கு. ஒரு காரை முழுதாகக் கழற்றித் திரும்பப் பூட்டியே எழுதினார்கள்.

படங்களில் பெரும்பாலும் கைகள். நகத்தில் கறுப்பு.

*

காபரேற்றர் பிஸ்ரனை ஒரு மயிரிழை உயர்த்த வேண்டும். எஞ்சின் ஒரு கணம் வேகமெடுத்து அடங்கினால் கலவை சரி. ஏறியபடியே போனால் பெற்றோல் கூட. நின்றுவிட்டால் குறைவு.

உயர்த்துகிறேன். வேலிக்கு அப்பால் ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது. எது எந்தச் சத்தம்?

மறுபடி உயர்த்துகிறேன்.

*

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. இதே மைனர்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. காபரேற்றர் வாயில் சில துளி பெற்றோல். எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய். பின்னால் புகை.

ஆக்ஸ்போர்ட்டில் கையேட்டை அச்சுக்குக் கொடுத்த எவருக்கும் தோன்றியிராத பக்கம் அது. பழைய கராஜ்காரர்களுக்கு மனப்பாடம். இன்றும் ஒருவர் டாங்க் மூடியைத் திறந்து, முகர்ந்துவிட்டுத்தான் பேசவே தொடங்குகிறார்.

*

முன் சில்லின் ட்ரனியன். கிரீஸ் அடிக்கச் சொல்கிறது புத்தகம். அடிக்காமல் விட்டால் ஒருநாள் சில்லு காருக்கடியில் மடியும், அதைச் சொல்லவில்லை.

கிரீஸ் கன்னை அழுத்துகிறேன். ஒன்றுமில்லை. பிறகு கறுப்பு, மணல் கலந்த கறுப்பு. பிறகு சாம்பல். வெகுநேரம் சாம்பல்.

மஞ்சள்.

*

நிலத்தில் மல்லாந்து கிடக்கையில் புத்தகத்தைப் பிடிக்கக் கை இல்லை.

வாசித்தது எவ்வளவு நினைவிருக்கிறதோ அவ்வளவு.

*

வயரிங் படம். பற்றரியிலிருந்து வருவது மண்ணிறம். ஸ்விட்ச் தாண்டினால் வெள்ளை. ஃபியூஸ் தாண்டினால் பச்சை. கறுப்பு, எர்த். பற்றரியின் நேர்முனை பொடிக்கு.

டாஷ்போட்டுக்குப் பின்னால் எல்லாம் சிவப்பு. யாரோ வீட்டு வயர் போட்டிருக்கிறார்கள். நேர்முனை எங்கே போகிறதென்று படத்தை நம்ப முடியாது.

பற்றரியைக் கழற்றி வைக்கிறேன். ஒரு வயரின் நுனியைப் பிடித்து, மறுநுனி எங்கே என்று பார்க்க வேண்டும். பிறகு அடுத்தது.