உள்ளதைக் காட்டலும் உண்மை காத்தலும்



சத்திய அணுவிரதம் என்றவுடன், பொய் பேசாமை என்ற அளவிலேயே நாம் நின்றுவிடுகின்றோம். உமாசுவாமி ஆசாரியரோ தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இவ்விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றார். பொய்யெழுத்து வரைதலாகிய கூடலேகக்கிரியை அவற்றுள் ஒன்று. பிறர் மறைவில் நிகழ்ந்ததை வெளியிடலாகிய ரகோப்பியாக்கியானம் மற்றொன்று. முன்னது பொய், பின்னது நடந்ததைச் சொல்வதே. ஆயினும் இரண்டும் சத்தியத்திற்கு இழுக்கென்பதே ஆசாரியர் திருவுள்ளம்.

இக்காலத்துக் கைப்பேசி வழக்கிலும் இவ்விரண்டையும் காண்கின்றோம். மெருகிட்ட படங்களுக்கு மாற்றாக, 2020இல் பிரான்சு நாட்டில் 'பி ரியல்' என்னும் செயலி தோன்றியது. 'உண்மையாய் இரு' என்பது அப்பெயரின் பொருள். நாள்தோறும் ஒருமுறை, எதிர்பாராத வேளையில் அறிவிப்பு வரும். 2 நிமிடங்களுக்குள் கைப்பேசியின் முன், பின் கேமராக்களால் படமெடுத்து நண்பர்க்குக் காட்டவேண்டும். தாமதித்தால் அதுவும் நண்பர்க்குத் தெரியும். நல்ல நோக்கமே! ஆனால் அழகிய காட்சி வாய்க்கும்வரை காத்திருந்து எடுப்போரும் உளர். மாயை என்னும் கஷாயம் நெஞ்சில் உள்ளவரை கருவி என் செய்யும்? மேலும், பின் கேமராவில் அகப்படும் அயலாரின் இசைவை யார் கேட்டனர்?

பிறரைக் குறைகூறுவானேன்? இப்பிழையை நாமும் செய்தோம். நோயுற்றிருந்த தமக்கையாரைக் காணச் சென்றபோது, அவர் படுத்திருந்த நிலையிலேயே படமெடுத்து, அக்கணமே உறவினர் வாட்ஸ்அப் குழுவிற்கு அனுப்பினோம். அதில் பொய் ஏதுமில்லை. மறுநாள் அவர், "தலைகூட வாராமல் கிடந்தேனே, எல்லாருக்கும் காட்டிவிட்டாயே!" என்று கண் கலங்கினார். பல்லாண்டுகள் வகுப்பறையில் உண்மை பேசுதலைக் கற்பித்த நமக்கு விடை எழவில்லை. படத்தை நீக்கினோம், கண்டவர் நினைவினின்றும் நீக்க இயலுமோ? அன்றிரவுப் பிரதிக்கிரமணத்தில் அப்பிழையை எண்ணி வருந்தினோம். விடிந்ததும் அவரிடமே சென்று மன்னிப்பு வேண்டினோம்.

ஆகவே, ஒன்றை அனுப்புமுன் இரு வினாக்களைக் கேட்போம். இது மெய்தானா? மெய்யேயாயினும், இதனைக் காட்டும் உரிமை நமக்குண்டா? இரண்டாம் வினாவிற்கு விடை கிட்டாதவிடத்து, மௌனமே சத்தியம்.

நம்மைப் பிறர்க்குக் காட்ட 2 நிமிடங்கள் தருகின்றது அச்செயலி. நம்மை நாமே காண, சாமாயிகம் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடங்கள் தருகின்றது. அங்கே மெருகிடுதற்கு ஏதுமில்லை, காண்பாரும் வேறிலர். நாள்தோறும் அங்கு அமரப் பழகுவோம். இளையோரையும் உடன் அமர்த்துவோம்.

அறம் வளர்க!