நடுவில் இல்லாத மேகம்

மாரமங்கலத்தில் வாழ்வோர்க்கு மேகம் வாசல் தாண்டி வரும் விருந்தாளி. காப்பிக்கொட்டை உலரும் களத்தில் வெயில் சற்றே மங்கும்போது அண்ணாந்து பார்த்தால், வேறொரு மேகம் பன்னிய பஞ்சுபோல் தெரியும். பல வேளை தெரியவும் தெரியாது. அது கீற்று மேகம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், பனித்துகள்களால் ஆனது.

வானிலை விண்கோளுக்கும் இது எளிதில் அகப்படுவதில்லை. 2016இல் ஏவப்பட்ட இன்சாட்-3டிஆர், 2024இல் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் ஆகியவை ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வெப்பக்கதிரை அளப்பவை. கதிரைக்கொண்டு வெப்பநிலையையும், வெப்பநிலையைக்கொண்டு மேகத்தின் உயரத்தையும் கணிக்கிறார்கள். மேகம் தடித்திருந்தால் கணக்குப் பொருந்தும். மெலிந்திருந்தாலோ, சூடான தரையின் கதிர் அதனூடே கசிந்து, மேகத்தின் குளிர்ந்த கதிரோடு கலந்துவிடுகிறது. தரை 30 பாகை, மேகம் பூஜ்யத்துக்குக் கீழே 50 பாகை என்றால், கருவி பூஜ்யத்தை ஒட்டி ஓர் எண்ணைச் சொல்லக்கூடும். அந்த வெப்பநிலைக்குரிய நடு உயரத்தில் மேகம் நிற்பதாக நாம் படித்துக்கொள்கிறோம். அங்கே ஒன்றுமே இல்லை. கடல்மீது இப்படி நேர்ந்தால், நீர் உள்ளதைவிடக் குளிர்ந்ததாகப் பதிவாகும். மீன் திரளும் இடத்தை நீரின் வெப்பம் பார்த்தும் கணிப்பதால், இழப்பு மீனவருக்கு.

ஊர் வழக்குகளிலும் இந்த நடு மேகத்தைக் காண்கிறோம். ஒருவர் வரப்பை இரண்டடி தள்ளிப் போடுகிறார். பெரியவர்கள் கூடி, "ஆளுக்கு ஓரடி விட்டுக்கொடுங்கள்" என்கிறார்கள். எடுத்தவருக்கு ஓரடி லாபம். பறிகொடுத்தவருக்கு ஓரடி நட்டம். இதற்கு நடுநிலை என்று பெயர்! வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலைக் காட்டினார். துலாக்கோல் பாரத்தைப் பாதியாக்குவதில்லையே. சமாதானத்துக்காகத்தானே என்பார் உண்டு. அந்தச் சமாதானத்தின் செலவை எப்போதும் ஏழை வீடே கொடுப்பதால், அவ்வாதத்தை நம்மால் ஏற்க இயலவில்லை.

விண்கோள் அறிஞர்கள் என்ன செய்தார்கள்? ஒரே இடத்தை 11 மைக்ரானை ஒட்டிய அலையிலும், 12 மைக்ரானை ஒட்டிய அலையிலும் தனித்தனியே அளந்தார்கள். பனித்துகள் இரண்டாவதைச் சற்றுக் கூடுதலாக உறிஞ்சும்; ஆகவே இரு அளவுகளும் வேறுபடும். அவ்வேறுபாட்டை அவர்கள் சராசரியில் கரைத்துவிடாமல், அதையே மேகத்தின் தடயமாகக் கொண்டார்கள். ஈரக்காற்றும் இத்தகைய வேறுபாட்டைத் தரும் என்பதால், தெளிந்த வானத்தில் எவ்வளவு இயல்பு என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

அதற்கும் தப்பும் மேகங்கள் உண்டு. திருப்பதிக்கு அருகே காதங்கியில் 1998இல் நிறுவப்பட்ட கருவி, தரையிலிருந்து லேசர் ஒளியை மேலே அனுப்பி, கண்ணுக்கே புலப்படாத கீற்று மேகங்களையும் காட்டியிருக்கிறது.