கலந்த நிறம் பிரியாது

சிறு குழந்தைக்கு நிறக் கலவையைக் கற்பிக்க மஞ்சள், நீலம் என இரண்டு போஸ்டர் கலர் புட்டிகளும் ஒரு தடித்த தாளும் போதும். சிவப்பும் வெள்ளையும் மறுநாளுக்கு இருக்கட்டும். மஞ்சளைத் தாளில் தாராளமாக வைத்து, அதன் ஓரத்தில் நீலத்தை ஒரு துளி மட்டும் விட வேண்டும். நீலத்தில் மஞ்சளைச் சேர்க்கப் போனால், அடர்ந்த நிறம் வெளிர் நிறத்தை விழுங்கிவிடும்; புட்டி காலியானாலும் நல்ல பச்சை வராது. பிரஷ்ஷைவிட விரல் நல்லது. விரலால் குழைக்கும் குழந்தை முதலில் நீலக் கோடுகளையும், பிறகு கிளிப்பச்சையையும், இன்னொரு துளி விழுந்ததும் இலைப்பச்சையையும் தானே கண்டுபிடிக்கிறது. என்ன நிறம் வரும் என்று முன்பே சொல்லிவிட்டால், அந்தக் கண்டுபிடிப்பு வெறும் விடை சரிபார்ப்பாகிவிடும். சொல்லாமல் காத்திருப்பதே இந்த வகுப்பில் ஆசிரியரின் கடினமான வேலை.

பச்சை எப்படி வருகிறது? வெள்ளொளியில் எல்லா நிறங்களும் அடங்கியிருக்கின்றன. மஞ்சள் சாயம் அதில் நீலப் பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. நீலச் சாயம் சிவப்புப் பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. இரண்டுக்கும் தப்பிக் கண்ணுக்குத் திரும்பி வருவது பெரும்பாலும் பச்சை. ஒளிகள் கலக்கும் விதம் இதற்கு மாறானது. இந்த வேறுபாட்டை ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850களில்தான் தெளிவாக விளக்கினார். கைபேசித் திரையின் மஞ்சளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் சிவப்பும் பச்சையுமான புள்ளிகளே தெரியும். மூன்று வயதில் இந்த விளக்கம் தேவையில்லை. கேட்கும் வயது வரும்போது சொன்னால் போதும்.

சிவப்பும் நீலமும் சேர்க்கும் நாளில் ஏமாற்றம் நேரக்கூடும். சில சிவப்புகளில் ஆரஞ்சுச் சாயல் இருக்கும். அவற்றோடு நீலம் சேர்ந்தால் கத்தரிப்பூ நிறம் வராது. மங்கிய பழுப்பே மிஞ்சும். அது குழந்தையின் கைப்பிழை அல்ல. ரோஸ் சாயலுள்ள சிவப்பைக் கொடுத்தால் நிறம் துலங்கும்.

இந்தப் பழுப்பு நிறத்தைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது. பல நிறங்கள் கையில் கிடைத்ததும் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் அனைத்தையும் ஒன்றாகக் குழைத்துவிடுகின்றன. ஒவ்வொரு சாயமும் ஒளியில் தன் பங்கை உறிஞ்ச, திரும்பி வருவது குறைந்து, தாள் சேற்று நிறமாகிறது. உடனே பெரியவர்கள் 'ஐயோ, கெடுத்துட்டியே' என்று தாளைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். குழந்தையோ அந்தச் சேற்றிலிருந்து பழைய மஞ்சளைத் திரும்ப எடுக்க விரலால் தேடிக்கொண்டிருக்கும். அது கிடைக்காது. கட்டைகளை அடுக்கிக் கலைக்கலாம், மீண்டும் அடுக்கலாம். குழந்தைக் கல்வியின் முன்னோடியான ஃபிரோபெல் தந்த ஆறு வண்ணக் கம்பளிப் பந்துகளும், மாண்டிசோரியின் வண்ணப் பலகைகளும் நிறங்களை இனம்காணப் பழக்குபவை. ஆட்டம் முடிந்ததும் அவை பெட்டிக்குத் திரும்பிவிடும். குழைத்த வண்ணம் அப்படித் திரும்பாது. செய்த ஒன்றை மீட்க முடியாமற்போவதை ஒரு குழந்தை முதன்முதலாக உணரும் இடங்களில் இதுவும் ஒன்று. இங்கே அதற்கு ஆகும் செலவு ஒரு தாள்தான். யாருக்கும் காயமில்லை, இழப்பில்லை. பின்னாளில் மீட்க முடியாத பெரிய காரியங்களை அது எப்படி எதிர்கொள்ளும் என்பதில், இந்தத் தாளின் முன் பெரியவர்கள் காட்டும் முகத்துக்கும் பங்குண்டு. திட்டினால் குழந்தை அடுத்த முறை துணிந்து கலக்காது. 'இதில் வெள்ளை சேர்த்தால் என்ன ஆகும்?' என்று கேட்டால், யானையின் நிறமோ செம்மண்ணின் நிறமோ அங்கிருந்து கிளம்பும்.

திரும்பி வரும் நிறங்களும் உண்டு என்பதை ஐந்து, ஆறு வயதில் காட்டலாம். மஞ்சள் தூளில் வெள்ளைச் சுண்ணாம்பைச் சேர்த்தால் வெளிர் மஞ்சள் வர வேண்டும் என்பதே நிறக் கலவையின் கணக்கு. வருவதோ ஆரத்தித் தட்டின் சிவப்பு. மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும் என்பதால் இது வேதிமாற்றம். போதுமான எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் அரிக்கும், ஆகவே அதைப் பெரியவர்தான் கையாள வேண்டும். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் வடிதாளில் ஒரு புள்ளி வைத்து, தாளின் ஓரத்தைத் தண்ணீரில் தொட வைத்தால், பெரும்பாலான மைகள் நீலமும் சிவப்புமாகப் பிரிந்து ஏறும். பிரிப்பதற்கும் வழி உண்டு, ஆனால் அதற்கு வேறொரு முறை வேண்டும் என்பது குழந்தைக்கு அப்போது விளங்கும்.

வகுப்பு முடிந்ததும் பளிச்சென்று வந்த பச்சைகளை மட்டும் பொறுக்கிச் சுவரில் ஒட்டுவது பல பள்ளிகளின் வழக்கம். ஆசிரியர்கள் அந்தச் சேற்று நிறத் தாள்களையும் பெயரெழுதி அவற்றின் பக்கத்திலேயே ஒட்ட வேண்டும்.