வாக்கும் வேகமும்

மாலை ஐந்து மணிக்குக் கிருலப்பனைச் சந்தியில் 138ஆம் இலக்க பஸ்ஸை எதிர்பார்த்து நிற்போர் ஓர் உண்மையை நன்கறிவர். பஸ்ஸிலுள்ள ஆசனங்களிலும் பார்க்கப் பயணிகளின் தொகை அதிகம். சிலர் அமர்வர், பலர் நிற்பர், கட்டணமோ எல்லோருக்கும் ஒன்றே. எனினும் இதனை எவரும் ஏமாற்று என்பதில்லை. நிற்கவேண்டி வரும் என்பது ஏறுமுன்னரே எல்லோருக்கும் தெரிந்த விஷயமன்றோ!

இந்த நெரிசல் இன்று நம் வீடுகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பு மாணாக்கன் ஒருவன் பாடவேளையிலே நாள்தோறும் கண்ணயர்ந்தான். காரணம் வினவியபோது, “பகல் டேட்டா முதல் கிழமையே முடிஞ்சிடும் சேர். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் பாட வீடியோ பார்க்க ஏலும்” என்றான். கல்விக்கு விலையாக அவன் தன் உறக்கத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

நள்ளிரவில் மலிவாகவும் மாலையில் அருமையாகவும் விற்கப்படும் இப்பொருள்தான் யாது? அரிசியையும் மண்ணெண்ணெயையும் போல அளந்தெடுக்க எடுக்கத் தீர்ந்துபோவதன்று இது. ஒரு வடத்தின் வழியே ஒரு நொடியில் எவ்வளவு செய்தி செல்லலாம் என்னும் கொள்ளளவையே பட்டையகலம் என்கிறோம். நள்ளிரவில் வீணாகும் கொள்ளளவை மறுநாள் மாலைக்குச் சேமித்துவைக்க இயலாது. எனவே, நாம் மாதம் முழுவதும் பெறும் செய்தியின் மொத்தத்தைவிட, எல்லோரும் ஒருங்கே வந்து மோதும் மாலை வேளையின் உச்சத் தேவையே வழங்குநரின் செலவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. விளம்பரத்திற் கூறிய முழு வேகத்தையும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே ஒதுக்கிவைத்தால் கட்டணம் பன்மடங்காகும். ஆகவே ஒரே பாதை பலருக்கு விற்கப்படுகிறது.

அச்செலவு கற்பனையுமன்று. நமது தீவுக்கும் வெளியுலகுக்குமிடையே செய்தி பெரும்பாலும் கல்கிசை, கொழும்பு, மாத்தறைக் கரைகளில் ஏறும் கடலடி வடங்களின் வழியே வந்து போகிறது. 2004 ஆகஸ்டில் கொழும்புக் கடலில் கப்பலொன்றின் நங்கூரம் அத்தகைய வடமொன்றைச் சிதைத்தபோது நாட்டின் இணையம் ஏறத்தாழ முற்றாக முடங்கிப்போயிற்று. பின்னர் மாற்று வடங்கள் வந்தன. அவற்றோடு டொலரிற் செலுத்தவேண்டிய செலவுகளும் வந்தன. 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை மின்வெட்டு. கோபுரங்களை இயக்க டீசல் வேண்டியிருந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு 20 வீதக் கட்டண உயர்வுக்கு அனுமதியளித்தது. இவற்றையெல்லாம் மறந்து, நிறுவனங்கள் யாவும் கொள்ளையிடுகின்றன என்று கூறி முடித்துவிடுவது முற்போக்காகாது. சிந்தனைச் சோம்பலே ஆகும்.

அங்ஙனமாயின் தவறு எங்கே இருக்கிறது? பகிர்தலில் இல்லை, பகிர்தலை மறைப்பதிலே இருக்கிறது. ‘நூறு மெகாபிட் வரை’ என்று விளம்பரம் கூறும். நூறு என்பது பேரெழுத்தில் இருக்கும். ‘வரை’ என்னும் சிறு சொல் விற்பவனைக் காக்கும். ‘எல்லையற்றது’ என்பதற்குக் கீழே ‘நியாயமான பயன்பாட்டுக்கு உட்பட்டது’ என்றொரு வரி வரும். அந்த நியாயத்தின் அளவை வகுப்பவர் யார்? விற்பவரேயாவர். வாங்குபவர் அதனை அறிந்துகொள்வது வேகம் குறைந்த பின்னரே. மக்களின் எதிர்பார்ப்பு மிகையானது என்று குறைகூறுவோர், அவ்வெதிர்பார்ப்பை நீரூற்றி வளர்த்தவர் தாமே என்பதை மறந்துவிடுகின்றனர்.

இதனினும் பெரிய வினா ஒன்றுண்டு. இடம் போதாதபோது நிற்கவேண்டியவர் யார்? பஸ்ஸிலே முதியவருக்கும் கைக்குழந்தையுடன் வரும் தாய்க்கும் நாம் எழுந்து இடமளிக்கிறோம். இணையத்திலே அந்த வரிசையைப் பணப்பையே வகுக்கிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இணையமே வகுப்பறையாயிற்று. அன்று கணினி இருந்த இல்லங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றே; தோட்டப்புறங்களில் அதனிலும் மிகக் குறைவு. 2021இல் ஊவா மாகாணத்துப் பிள்ளைகள் அலைத்தொடர்பைத் தேடிக் காட்டு வழியே மலைப்பாறை ஏறினர். ஏழைகள் சிலரே வாழும் பள்ளத்தாக்கிற் கோபுரம் நிறுவினால் ஆதாயம் கிட்டாது என்ற நிறுவனத்தின் கணக்கு, கணக்கென்ற அளவிற் பிழையற்றது. அதனாலேயே, ஒரு பிள்ளையின் கல்வியை அக்கணக்கிடம் மட்டும் ஒப்படைக்கலாகாது.

வேறு வழியும் உண்டு. அதே 2020இல் பல்கலைக்கழகங்களின் ‘லேர்ன்’ வலையமைப்பும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் இணைந்து, மாணவர்கள் தம் பல்கலைக்கழகக் கற்பித்தல் தளங்களைக் கட்டணமின்றி அணுக வகைசெய்தன. கோபுரம் எட்டாத ஊருக்கு அந்த இலவசமும் எட்டாது என்பது மெய்யே. ஆயினும், பொது விருப்பம் பிறந்தால் தேவையை முன்வைத்து வரிசையை மாற்றலாம் என்பதை அது காட்டிற்று.

ஆகவே நாம் கேட்கவேண்டியன இரண்டு. நெரிசல் வேளையில் உறுதியாகக் கிடைக்கும் மிகக் குறைந்த வேகத்தை வழங்குநர் பேரெழுத்தில் வெளியிடவேண்டும். ஆதாயமற்ற இடத்துக்கும் கல்விக்குமான செலவைச் சமூகம் பொதுவில் ஏற்கவேண்டும். அதில் நமக்கும் பங்குண்டு. மாலையிலே நாம் படம் பார்த்துக் களிக்கும் அதே பாதையில்தான் அந்த மாணாக்கனும் இடம் தேடி நிற்கிறான். வகுப்பில் உறங்கியமைக்காக அன்று அவனைக் கடிந்துகொண்டேன். எழுப்பவேண்டியிருந்தது அவனை மட்டுமன்று என்பதை உணர எனக்குச் சில நாட்கள் சென்றன.